பகைவர் பாட்டில் மிஞ்சிய அரசன்

பண்டிதர் அயோத்திதாசர் நினைவுப் பேருரையின் எழுத்து வடிவம், மயிலாப்பூர்



பண்டிதர் பெயரால் நடக்கும் பேருரையில், ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய வங்காளத்து அரசன் ஒருவனைப் பற்றிப் பேச எடுத்துக்கொண்டிருக்கிறோம். தமிழ்நாட்டில் பேசுவதற்கு ஆளில்லையா என்று நண்பர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அந்த அரசனின் பெயர் பீமன். கைவர்த்தர் குலத்தில் பிறந்தவன். கைவர்த்தர் என்றால் வலை வீசுவோர், படகோட்டுவோர், ஆற்றங்கரையில் உழுவோர். பதினோராம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவனுடைய பெரியப்பா திவ்யன் பாலர் அரசை எதிர்த்து எழுந்து வட வங்காளத்தைக் கைப்பற்றினான். அடுத்து திவ்யனின் தம்பி ருத்ரோகன் ஆண்டான். அவனுக்குப் பின் அவன் மகன் பீமன் ஆண்டான். பிறகு பீமன் தோற்கடிக்கப்பட்டுக் குடும்பத்தோடு கொல்லப்பட்டான். இவ்வளவையும் நமக்குச் சொல்பவர்கள் அவனைக் கொன்றவர்கள். அவனுடைய சொந்தச் செப்பேடு ஒன்றுகூட வரலாற்றாளர் கையில் இல்லை.

பண்டிதர் வாழ்நாள் முழுக்கச் செய்த வேலை இதனோடு தொடர்புடையது. 1907இல், இங்கிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ள இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கிய அவர், நம்மைப் பற்றி மற்றவர்கள் எழுதி வைத்த கதைகளை எடுத்து, அவற்றுக்குள் மறைந்திருக்கும் வேறு கதையைத் தேடினார். நந்தன் கதை அவற்றில் முக்கியமானது. சேக்கிழார் பாடிய திருநாளைப்போவார் ஆதனூர்ப் புலைப்பாடியில் வாழ்ந்தவர். கோயில் பேரிகைகளுக்குத் தோலும் வாரும் கொடுத்தவர். அவருக்கு மேலே பண்ணையார் யாரும் பெரிய புராணத்தில் கிடையாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் கோபாலகிருஷ்ண பாரதியார் கீர்த்தனை எழுதியபோது வேதியர் ஒருவர் எசமானராக வந்து சேர்ந்தார். நந்தன் அவருடைய பண்ணையாள் ஆனான். பண்டிதரோ நந்தனைப் பௌத்த அரசன் என்றார். சூழ்ச்சியால் வீழ்த்தப்பட்டவன் என்றார். அவர் சொன்னதை வரலாறாக ஏற்பதா மறுப்பதா என்பது தனி விவாதம். ஒரே பெயர் யார் கையில் எழுதுகோல் இருக்கிறதோ அவர்களுக்கேற்ப அடியவனாகவும் அடிமையாகவும் அரசனாகவும் மாறுகிறது என்பதை அவர் நமக்குக் காட்டினார். பீமன் கதையை அந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. இன்றைய தமிழ்நாட்டில் ‘ஆண்ட பரம்பரை’ என்ற சொல் சுவரொட்டிகளிலும் திருமண வரவேற்புப் பதாகைகளிலும் நிறைந்து கிடக்கிறது. ராஜராஜன் எங்கள் சாதி என்று ஐந்தாறு சாதிகள் ஒரே நேரத்தில் சொல்கின்றன. அந்தச் சத்தத்துக்கு நடுவே நம் பிள்ளைகளும், நாமும் ஆண்டவர்கள்தானே என்று சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். நாள்தோறும் குனிய வைக்கப்படுகிறவனுக்கு நிமிர ஓர் அரசன் தேவைப்படுவது புரிகிறது. பாபாசாகேப்பே ‘சூத்திரர் யார்?’ நூலில், மகாபாரதம் சூத்திர அரசன் என்று சொல்லும் பைஜவனனிடமிருந்துதான் தன் வாதத்தைக் கட்டினார். ஆகவே அரசனைத் தேடுவது தவறில்லை. கண்டுபிடித்த பிறகு அவனிடம் என்ன கேட்கப் போகிறோம் என்பதை நாம் முன்கூட்டியே தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

வங்காளமும் நாமும்

வங்காளம் நமக்கு முற்றிலும் அயல் நிலமில்லை. போளூருக்குப் பக்கத்தில் உள்ள திருமலை, சமணர் குன்று. அங்கே ஒரு சமணக் கோயில் கொடையைச் சொல்லும் கல்வெட்டு, முதலாம் ராஜேந்திரனின் பதின்மூன்றாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, ஏறத்தாழ 1025. அதன் மெய்க்கீர்த்தி கங்கைப் படையெடுப்பில் வெல்லப்பட்டவர்களை வரிசையாக அடுக்குகிறது. தண்டபுத்தியின் தன்மபாலன், தெற்கு ராடத்தின் ரணசூரன், வங்காள தேசத்தின் கோவிந்தசந்திரன், பிறகு மகிபாலன். வங்காளம் என்ற பெயருக்குக் கிடைக்கும் பழைய சான்றுகளில் இந்தத் தமிழ்க் கல்வெட்டும் ஒன்று. அந்த மகிபாலன் பாலர் வம்சத்து முதலாம் மகிபாலன். அவனுடைய கொள்ளுப்பேரன் இரண்டாம் மகிபாலன் காலத்தில்தான் கைவர்த்தர் எழுச்சி நடந்தது. கங்கை நீரைக் கொண்டுவந்து சோழகங்கம் ஏரியில் ஊற்றிய நம் அரசனின் பெருமையைப் பள்ளியில் படித்தோம். அந்தக் கங்கைக் கரையில் படகு வலித்தவர்கள் யார் என்று நமக்குப் பாடம் எடுத்தவர் யாருமில்லை.

பாலர்கள் பௌத்தர்கள். எட்டாம் நூற்றாண்டு முதல் ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் வங்காளத்திலும் பீகாரிலும் ஆண்டவர்கள். நாளந்தாவைப் பேணினார்கள். பகார்பூரில் சோமபுர மகாவிகாரையைத் தருமபாலன் கட்டினான். பண்டிதர் 1898இல் இலங்கை சென்று பஞ்சசீலம் ஏற்று, திரும்பி வந்து சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் கண்டவர். 1956இல் நாகபுரியில் பாபாசாகேப் காட்டிய வழியில் வந்தவர்கள் நாம். மயிலாப்பூரில் பிறந்த மயிலை சீனி. வேங்கடசாமியின் ‘பௌத்தமும் தமிழும்’ நூலைப் படித்து வளர்ந்தவர்கள். ஆகவே பாலர் என்றதும் நம் மனம் இயல்பாகவே அவர்கள் பக்கம் சாயும். அந்தப் பௌத்த அரசை எதிர்த்துத்தான் கைவர்த்தர்கள் எழுந்தார்கள். நாம் எந்தப் பக்கம் நிற்பது?

பாலர் அரசர்களின் நிலக்கொடைச் செப்பேடுகளைப் பார்த்தால் இந்தக் கேள்விக்குப் பாதி விடை கிடைக்கும். ஒரு கிராமத்தைக் கொடையாகக் கொடுக்கும்போது அரசன் அங்குள்ள எல்லோருக்கும் அறிவிக்கிறான். அதிகாரிகள், பிராமணர்கள், குடும்பத் தலைவர்கள் என்று பட்டியல் இறங்கி, மேதர், ஆந்திரர், சண்டாளர் வரை என்று முடிகிறது. பௌத்தத்தைப் போற்றும் அரசனின் ஆணையிலும் சண்டாளர்தான் கடைசி எல்லை. பாலர் அமைச்சர் பதவியில் ஒரு பிராமணக் குடும்பம் தலைமுறை தலைமுறையாக இருந்தது. அதைப் பெருமையோடு சொல்லும் தூண் கல்வெட்டும் இருக்கிறது. நம் பக்கம் ராஜராஜனின் தஞ்சைக் கல்வெட்டைப் பாருங்கள். வரி நீக்கிய நிலங்களைச் சொல்லும்போது குளம், சுடுகாடு ஆகியவற்றோடு பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் வருகின்றன. ஒருவன் சைவன், மற்றவன் பௌத்தன். இருவர் ஏட்டிலும் சேரிக்கு ஒரே இடம்தான். அரசு ஏற்றுக்கொண்ட சமயம் எது என்பதை மட்டும் வைத்து அந்த அரசில் நமக்கு என்ன இடம் இருந்தது என்று முடிவுகட்ட முடியாது.

சிலேடையால் எழுதிய போர்

இனி மூல நூலுக்கு வருவோம். அதன் பெயர் ‘ராமசரிதம்’. சமஸ்கிருதக் காவியம். எழுதியவர் சந்தியாகர நந்தி. அவருடைய தந்தை பிரஜாபதி நந்தி, பீமனைக் கொன்ற ராமபாலனின் அவையில் போருக்கும் உடன்படிக்கைக்கும் பொறுப்பான அமைச்சர். காவியம் ராமபாலனின் மகன் மதனபாலன் காலத்தில் முடிந்தது. 1897இல் ஹரபிரசாத் சாஸ்திரி நேபாளத்தில் இதன் ஓலைச்சுவடியைக் கண்டெடுத்தார், 1910இல் அச்சிட்டார். பிறகு 1939இல் ராஜசாகியின் வரேந்திர ஆய்வுக் கழகம் ரமேஷ் சந்திர மஜும்தார் உள்ளிட்ட மூவரின் பதிப்பை வெளியிட்டது.

இந்த நூலின் விந்தை, முழுக் காவியமும் சிலேடை. நமக்குச் சிலேடை என்றால் காளமேகம் நினைவுக்கு வருவார். அவர் ஒரு வெண்பாவில் செய்ததை இவர் இருநூற்றுக்கும் மேற்பட்ட பாக்களில் செய்திருக்கிறார். ஒவ்வொரு பாட்டையும் இரண்டு விதமாகப் படிக்கலாம். ஒரு வகையில் அயோத்தி ராமன் கதை. சொற்களை வேறு விதமாகப் பிரித்தால் ராமபாலன் கதை. ராமன் என்றால் ராமபாலன். பறிகொடுத்த சீதை என்றால் பறிகொடுத்த வரேந்திரி நிலம். கடல் கடப்பது என்றால் கங்கையைக் கடப்பது. அப்படியென்றால் ராவணன் யார்? கைவர்த்தன்தான். கவிஞர் தன்னைக் கலிகால வால்மீகி என்றே சொல்லிக்கொண்டார்.

தோழர்களே, இது வெறும் சொல் விளையாட்டு என்று கடந்து போகக்கூடாது. ராமன் கதைக்குள் போட்டுவிட்டால், திவ்யன் ஏன் எழுந்தான் என்று யாரும் கேட்க மாட்டார்கள். ராவணன் சீதையை ஏன் எடுத்தான் என்பதற்கு ஒரே பதில்தான் உண்டு, அவன் அரக்கன். வரி எவ்வளவு, நிலம் யாருடையது, அரசன் என்ன செய்தான் என்ற கேள்விகளெல்லாம் சீதையின் கண்ணீரில் கரைந்துவிடும். ஒரு கிளர்ச்சியை அடக்கியவர்கள் அதைத் தெய்வக் கதையாக்கிவிட்டால், கிளர்ச்சிக்காரனின் பேரன்கூட அந்தக் கதையைக் கைகூப்பிக் கேட்க வேண்டியதாகும்.

தமிழகத்தில் இதை எதிர்த்துப் படித்த மரபு நமக்கு இருக்கிறது. பெரியார் இயக்கம் ராமாயணத்தைத் திருப்பிப் படித்தது. புலவர் குழந்தை 1946இல் ‘இராவண காவியம்’ எழுதினார். அரசு தடை செய்தது. வங்காளத்தில் 1861இல் ‘மேகநாத வதம்’ எழுதி ராவணன் மகனை நாயகனாக்கிய மைக்கேல் மதுசூதன தத்தர், அதற்கு முன் 1848 முதல் 1856 வரை நம் சென்னையில் ஆசிரியராகவும் இதழாளராகவும் வாழ்ந்தவர். இவர்களெல்லாம் ராவணனைக் காவிய மாந்தனாக மீட்டார்கள். கைவர்த்தர் கதையில் ராவணன் என்று பெயர் சூட்டப்பட்டவர்கள் நாளும் கிழமையும் உள்ள மனிதர்கள், நிலத்தை ஆண்டவர்கள், கழுத்து அறுபடக்கூடியவர்கள்.

நடந்தது என்ன

இந்தக் காவியத்தையும் அதன் பழைய உரையையும் வைத்து நடந்ததைத் தொகுத்துச் சொல்லலாம். உரை இரண்டாம் பகுதியின் நடுவிலேயே நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு பாட்டின் இரண்டாம் பொருளை அறிஞர்கள் தாமே பிரித்தெடுக்க வேண்டியிருந்தது.

மூன்றாம் விக்கிரகபாலனுக்கு மூன்று மகன்கள். இரண்டாம் மகிபாலன், சூரபாலன், ராமபாலன். மூத்தவன் பட்டத்துக்கு வந்ததும், தம்பி ராமபாலன் அரசைப் பிடுங்கிவிடுவான் என்று யாரோ சொன்னதை நம்பி, இரண்டு தம்பிகளையும் சிறையில் அடைத்தான். சிற்றரசர்கள் ஒன்றுகூடி எதிர்த்தார்கள். அமைச்சர்கள் பொறுக்கச் சொன்னார்கள். கேட்காமல் சிறு படையோடு போய்ப் போரிட்டு மகிபாலன் மாண்டான். ஏறத்தாழ 1075ஆம் ஆண்டு. அரசுப் பணியில் உயர்ந்த இடத்தில் இருந்த திவ்யன் வரேந்திரியைத் தன் ஆட்சிக்குள் கொண்டுவந்தான். வரேந்திரி என்பது இன்றைய வங்கதேசத்தின் ராஜசாகி, நவகாவ், பொக்ரா, தினாஜ்பூர் பகுதிகள். பாலர்கள் தம் தந்தையர் நாடு என்று சொல்லிக்கொண்ட மண்.

காவியம் திவ்யனைத் தஸ்யு, அதாவது கொள்ளைக்காரன் என்கிறது. பௌத்த அரசின் பெருமை பாட வந்த கவிஞருக்கும் திட்டுவதற்கு வேதத்துச் சொல்தான் கைக்கு வந்தது. மனு நூலோ நிஷாதனுக்குப் பிறந்து படகுத் தொழிலால் பிழைப்பவன் கைவர்த்தன் என்று வரையறுத்து, கலப்புச் சாதிகளின் பட்டியலில் தள்ளி வைத்திருந்தது. படகோட்டி அரியணையில் அமர்ந்தால் அந்த ஏட்டின்படி அவன் கொள்ளைக்காரனாகத்தான் இருக்க முடியும்.

கிழக்கு வங்காளத்தின் வர்மர் குலச் செப்பேடு ஒன்று, தங்கள் முன்னோன் ஜாதவர்மன் திவ்யனின் தோள்வலியை இகழ்ந்தவன் என்று பெருமை பேசுகிறது. திவ்யனைத் தாக்கியது பாலர்கள் மட்டுமில்லை என்று இதிலிருந்து தெரிகிறது. சுற்றிலும் பகையிருந்தும் ஆட்சி நிலைத்து மூன்றாவது ஆளான பீமன் கைக்கு வந்து சேர்ந்தது.

பீமனைப் பற்றிச் சொல்ல வரும்போது சந்தியாகர நந்தியின் குரல் மாறுகிறது. அவன் ஆட்சியில் நாடு செழித்தது, செல்வமும் கல்வியும் அவனிடம் கூடியிருந்தன, கேட்டவர்க்குக் கொடுத்தான், சிவனை வழிபட்டான் என்று பல பாட்டுகளில் புகழ்கிறார். வெல்லப்பட்டவனை உயர்த்திச் சொன்னால் வென்றவனின் புகழ் கூடும். காவிய மரபில் அது வழக்கம்தான். ஆனால் கவிஞரின் குடும்பம் அதே வட வங்காளத்துக் குடும்பம். பீமனின் ஆட்சியை நேரில் கண்டவர்கள் உயிரோடு இருந்த காலத்தில் எழுதுகிறார். முழுப் பொய்யை எழுத முடியாத இடம் அது. பகைவரின் பாட்டில் நமக்கு வேண்டிய சான்று இப்படித்தான் கிடைக்கிறது.

மறுபக்கம், நாடிழந்த ராமபாலன் என்ன செய்தான்? ஒவ்வொரு சிற்றரசனிடமும், காட்டுத் தலைவர்களிடமும் நேரில் போய் நின்றான். நிலமும் பணமும் கொடுத்து அவர்களை வாங்கினான். அங்க நாட்டை ஆண்ட ராஷ்டிரகூடக் குலத்துத் தாய்மாமன் மதனன் பக்கபலமாக வந்தான். மகதம், தண்டபுக்தி, கோடாடவி, அபரமந்தாரம் என்று ஒரு டஜனுக்கும் மேற்பட்ட தலைவர்களின் பெயரைக் காவியமும் உரையும் தருகின்றன. ராஜேந்திரன் கல்வெட்டில் வரும் அதே தண்டபுத்திதான் இந்தத் தண்டபுக்தி. மாமனுடைய உடன்பிறந்தவனின் மகன் சிவராஜன் முன்படையோடு கங்கையைக் கடந்து எல்லைக் காவலை உடைத்தான். பிறகு படகுகளைச் சேர்த்துக் கட்டிப் பெரும்படை ஆற்றைக் கடந்தது. ஒரு கைவர்த்த அரசனை வீழ்த்த, பீகாரிலிருந்து வங்காளம் வரையுள்ள இத்தனை தலைகள் ஒன்றுசேர வேண்டியிருந்தது.

யானை மேலிருந்து போரிட்ட பீமன் உயிரோடு பிடிபட்டான். அவன் பாசறை சூறையாடப்பட்டது. அப்போதும் போர் முடியவில்லை. பீமனின் நண்பன் ஹரி சிதறிய படையைத் திரட்டி மீண்டும் மோதினான். இறுதியில் அவனைப் பொன் கொடுத்துத் தம் பக்கம் இழுத்தார்கள். அதற்குப் பின் பீமனின் குடும்பத்தாரை அவன் கண் முன்னால் கொன்றார்கள். கடைசியில் அவனையும் அம்பால் துளைத்துக் கொன்றார்கள்.

ராமபாலன் ராமாவதி என்ற புதிய தலைநகரைக் கட்டினான். ஜகத்தலத்தில் பெரிய பௌத்த விகாரை எழுப்பினான். அவன் மகன் குமாரபாலனின் அமைச்சனாக இருந்து காமரூபத்தை ஆண்ட வைத்தியதேவன் வெளியிட்ட கமௌலிச் செப்பேடு, ராமபாலன் போர்க்கடலைக் கடந்து பீமனைக் கொன்றதை ராமன் ராவணனைக் கொன்றதோடு ஒப்பிடுகிறது. காவியத்திலும் செப்பேட்டிலும் ஒரே உவமைதான். பாலர் அரசின் அதிகாரபூர்வ வரலாறாகவே அது ஆகிவிட்டது.

காவியம் போகிற போக்கில் இன்னொரு செய்தியையும் சொல்லிவிடுகிறது. மீட்ட நாட்டில் ராமபாலன் வரியை மென்மையாக்கினான், உழவைப் பெருக்கினான் என்று புகழ்கிறது. புதிதாகக் குறைக்க வேண்டியிருந்தது என்றால் அதற்கு முன் வரி கனத்திருந்தது என்று பொருள்கொள்ள இடமிருக்கிறது. அடக்கிய பிறகும் மக்களைச் சமாதானப்படுத்தாமல் ஆள முடியவில்லை. கைவர்த்தர் எழுச்சி தோற்றாலும் அது விட்டுச்சென்ற அச்சம் வரிக் கணக்கில் பதிந்திருக்கிறது.

யாருடைய கிளர்ச்சி?

இதை மக்கள் கிளர்ச்சி என்று சொல்லலாமா? அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. மஜும்தார் ஏற்கவில்லை. அரண்மனைக் குழப்பத்தைப் பயன்படுத்திக்கொண்ட ஓர் உயர் அதிகாரியின் ஆட்சிப் பறிப்புதான் இது என்றார். ஆர். எஸ். சர்மா இதை உழவர் கிளர்ச்சியாகப் படித்தார். பீமனின் படையில் உடையில்லாத வில்லாளிகள் எருமை மேலேறி வந்ததாகக் காவியம் சொல்வதை அவர் சுட்டினார். குதிரையும் கவசமும் இல்லாதவர்கள், ஏர் பூட்டும் எருமையோடு வந்தவர்கள் என்று அவர் கொண்டார்.

இரண்டு தரப்பிலும் உண்மை உண்டு என்று நினைக்கிறோம். திவ்யன் சேற்றிலிருந்து நேராக அரியணைக்கு வந்தவனில்லை, அவன் அதிகாரி. சிற்றரசர்கள் அவனுக்கு முன்பே கிளர்ந்துவிட்டார்கள். ஆனால் தலைவன் பிடிபட்டதும் கூலிப்படை கலைந்து ஓடும். இங்கே பீமன் பிடிபட்ட பிறகும் படை திரண்டது. எருமை மேல் வந்தவர்களுக்கு இழக்கவும் காக்கவும் ஏதோ இருந்திருக்கிறது. தலைவன் யார் என்பதை மட்டும் பார்த்தால் இதை அரண்மனைப் புரட்சி என்போம். உடன் நின்றவர்கள் யார் என்று பார்த்தால் வேறு பெயர் சொல்வோம்.

ஆனால் பீமனிடமும் கேட்க வேண்டிய கேள்வி நமக்கு உண்டு. பாலர் செப்பேட்டில் பட்டியலின் கடைசியில் நின்ற சண்டாளருக்கு, பீமன் ஆட்சியில் என்ன ஆயிற்று? கைவர்த்தன் அரசனானதும் டோம்பன் குடிசை ஊருக்குள் வந்ததா? நேபாளச் சுவடிகளிலிருந்து ஹரபிரசாத் சாஸ்திரி மீட்டுத் தந்த இன்னொரு செல்வம் சரியாப்பாடல்கள். பௌத்த சித்தர்கள் பாடியவை. நகருக்கு வெளியே வாழும் டோம்பிப் பெண்ணும், படகு செலுத்துபவளும், மலையில் வாழும் சபரியும் அவற்றில் வருகிறார்கள். மகாவிகாரைகள் விளங்கிய பாலர் வங்காளத்தில் ஊருக்கு வெளியே இன்னொரு ஊர் இருந்தது என்பதற்கு இந்தப் பாடல்கள் சாட்சி. அந்த ஊர்க்காரி பீமனைப் பற்றி என்ன நினைத்தாள் என்று எழுத அன்று யாருமில்லை. ஓர் அரசனை நம்மவன் என்று தழுவும்போது, அவனுக்கும் கீழே நிறுத்தப்பட்டவளின் இடத்திலிருந்து அவனைப் பார்ப்பது அம்பேத்கரியர்களின் கடமை.

ஏன் இதைச் சொல்கிறோம் என்றால், பிற்காலத்தில் நடந்தது அப்படி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வங்காளத்தில் உழவுத் தொழில் செய்த கைவர்த்தர்கள் தங்களை மாகிஷ்யர் என்று பதிவு செய்யக் கோரினார்கள். வலை வீசும் கைவர்த்தரிடமிருந்து விலகி நின்றார்கள். அதே காலத்தில் ராமசரிதம் அச்சாகி வந்தது. அரசாண்ட முன்னோன் கிடைத்தான். 1930களில் திவ்யனுக்கு நினைவு விழாக்கள் எடுக்கப்பட்டன. வலை வீசிய ஜாலிய கைவர்த்தர் இன்று மேற்கு வங்கத்தின் பட்டியல் சாதி வரிசையில் இருக்கிறார்கள். ஒரே குலத்தின் அரசன், ஒரு பிரிவுக்கு மேலேறும் ஏணியானான். மற்றொரு பிரிவு அடியிலேயே நின்றது. ஆண்ட பரம்பரைப் பேச்சில் உள்ள கண்ணி இதுதான். அந்தப் பேச்சு நம்மை மேலே உள்ளவனோடு உறவு தேட வைக்கிறது. பக்கத்தில் உள்ளவனோடு இருக்கும் உறவை அறுக்கிறது.

பாலர்களுக்கும் இந்த வெற்றி நிலைக்கவில்லை. நிலம் கொடுத்து வாங்கிய சிற்றரசர்கள் வலுத்தார்கள். அடுத்த சில பத்தாண்டுகளில் கர்நாடகத்திலிருந்து வந்து குடியேறிய சேனர்கள் வங்காளத்தைக் கைப்பற்றினார்கள். குலப்பெருமை அடுக்கை வகுத்தவனாக வங்காள மரபு சொல்லும் வல்லாளசேனன் அந்தக் குலத்தவன். படகோட்டியோடு பகிர மனமில்லாத பௌத்த அரசு, சாதியைக் கெட்டிப்படுத்தியவர்களிடம் நாட்டைப் பறிகொடுத்தது. பௌத்தத்தை நேசிக்கும் நாம் இதை மனத்தில் வைக்க வேண்டும். சமத்துவம் இல்லாத பௌத்தம் விகாரை கட்டும், தன்னைக் காத்துக்கொள்ளாது. 1956இல் பாபாசாகேப் பௌத்தத்தை ஏற்றபோது இருபத்திரண்டு உறுதிமொழிகளையும் சேர்த்துக் கொடுத்தது ஏன் என்று இங்கே விளங்கும்.

கல்லும் பெயரும்

பீமனைப் பற்றிய நினைவு இன்னொரு இடத்திலும் வாழ்கிறது. நவகாவ் மாவட்டத்தில் திபர் திகி என்ற பெரிய குளம். நடுவில் தண்ணீருக்கு மேலே ஒற்றைக் கல்தூண் நிற்கிறது. எழுத்து எதுவும் இல்லை. திவ்யன் வெற்றித்தூண் என்று மக்கள் சொல்கிறார்கள். மகாஸ்தான் பக்கத்தில் நீண்டு கிடக்கும் பழைய மண்கரைகளைப் பீமன் ஜாங்கால் என்கிறார்கள். எல்லாவற்றையும் விடச் சுவையானது மற்றொரு தூண். பாலர்களின் பிராமண அமைச்சர் குரவமிசிரர் ஒன்பதாம் நூற்றாண்டில் நிறுத்தியது. சற்று முன் சொன்ன அமைச்சர் குடும்பப் பெருமை அதில்தான் இருக்கிறது. தங்கள் அறிவால்தான் பாலர்கள் ஆண்டார்கள் என்று வரிவரியாகப் பொறித்து வைத்தார். ஊர் மக்கள் அதற்கு வைத்த பெயர் ‘பீமேர் பான்டி’. பீமனின் தார்க்குச்சி, மாடோட்டும் கோல் என்று பொருள். பாரதத்துப் பீமனா, கைவர்த்தப் பீமனா என்பதில் ஊரார் கருத்து வேறுபடலாம். அமைச்சர் பொறித்த சமஸ்கிருதத்தைப் படிக்கத் தெரியாத உழவர்கள், அந்தத் தூணைத் தங்கள் கைக்கருவியாகப் பார்த்துப் பெயரிட்டுவிட்டார்கள்.

ஆனால் பெயரும் கல்லும் போதாது. கைவர்த்தர் எழுச்சியைப் பின்னாளில் சத்யேன் சென் நாவலாக எழுதினார். மகாசுவேதா தேவி எழுதினார். நன்றியோடு படிக்கலாம். ஆனால் வங்காளத்து மீன்பிடி மக்களின் வாழ்வு அவர்களுடைய சொந்தக் கையால் காவியமானது அத்வைத மல்லபர்மன் எழுதியபோதுதான். 1914இல் மாலோ என்ற மீனவக் குலத்தில் பிறந்தவர். ஊரார் உதவியால் படித்தவர். 1951இல் காசநோயால் இறந்தவர். அவர் இறந்த பின் 1956இல் ‘திதாஸ் ஒரு நதியின் பெயர்’ நாவல் நூலாக வந்தது. அதில் அரசன் யாருமில்லை. வலையும் படகும் வற்றிப்போகும் ஆறும் இருக்கின்றன. அந்த நாவலை யாரும் சிலேடையாகப் பிரித்துப் படிக்க வேண்டியதில்லை.

வங்காளத்து ஒடுக்கப்பட்டோருக்கு நாம் பட்ட கடன் ஒன்றும் இருக்கிறது. 1946இல் பம்பாயில் வழி அடைக்கப்பட்டபோது, பாபாசாகேப் அரசியல் நிர்ணய சபைக்கு வங்காளத்திலிருந்துதான் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதற்கு முன்னின்றவர் நாமசூத்திரர் தலைவர் ஜோகேந்திரநாத் மண்டல். ஆறுகளின் நாட்டு மக்கள் தந்த வாக்கால் அவர் சபைக்குள் நுழைந்தார். கைவர்த்தப் பீமனுக்கு அரியணை கிடைத்தது. பீமராவுக்குச் சட்டம் எழுதும் மேசை கிடைத்தது. அரியணை ஒரே போரில் போயிற்று. மேசையில் எழுதியதை அழிக்க இன்றுவரை பலரும் முயல்கிறார்கள். அது இன்னும் நம் கையில் இருக்கிறது.

மயிலாப்பூரில் நின்று இதைப் பேசுவதற்கு ஒரு பொருத்தம் உண்டு. மயிலாப்பூர் என்றால் குளமும் கோபுரமும் சபாக்களும் என்று எழுதுகிறார்கள். கிழக்கே பத்து நிமிடம் நடந்தால் நொச்சிக்குப்பம், டூமிங் குப்பம், பட்டினப்பாக்கம். அங்கே வலை காயப்போடுகிறவர்கள் அரசுப் பட்டியலில் நம் வகுப்பில் வருகிறவர்கள் இல்லை. ஆனாலும் 2023 ஏப்ரலில் லூப் சாலை ஓரத்து மீன் கடைகள் அகற்றப்பட்டபோது, தலைமுறையாக விற்ற இடத்துக்காகச் சாலையில் உட்கார்ந்தவர்கள் அவர்கள்தான். கரை யாருடையது என்ற கேள்வி கங்கைக் கரையில் கேட்கப்பட்டபோது கேட்டவனுக்கு ராவணன் என்று பெயர் வைத்தார்கள். இங்கே கேட்கிறவர்களுக்கு ஆக்கிரமிப்பாளர் என்று பெயர். ராவணன் என்ற பெயரை எப்படிப் பிரித்துப் படிக்க வேண்டும் என்று கற்றுக்கொண்டவர்கள், ஆக்கிரமிப்பாளர் என்ற பெயரையும் பிரித்துப் படிக்க வேண்டும்.

இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். அரசனைத் தேடிப் போங்கள், தடையில்லை. கல்வெட்டுப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். பகைவன் எழுதியதையும் முழுக்கப் படியுங்கள். அவன் நிறுத்தி மூச்சு வாங்கும் இடத்தில் உண்மை கசிகிறதா என்று பாருங்கள். கிடைத்த அரசனிடம், உன் காலத்தில் கடைசிக் குடிசைக்கு என்ன கொடுத்தாய் என்று கேளுங்கள். அதோடு உங்கள் ஊர்ச் சேரியில் இன்று நடப்பதையும் தேதியிட்டு எழுதி வையுங்கள். யாருக்கு எவ்வளவு நிலம், எப்போது போயிற்று, யார் எதிர்த்து நின்றார், அவர் பெயர் என்ன என்று எழுதுங்கள். பண்டிதர் வாரம் தவறாமல் அதைத்தான் செய்தார். பீமன் ஆட்சியில் ஒருவர் அப்படி எழுதி வைத்திருந்தால், அவனைக் கொன்றவர்களின் பாட்டிலிருந்து அவனை நாம் பொறுக்கி எடுக்க வேண்டியிருந்திருக்காது.